கம்பெனிக்கு முன்னால் வந்தவர்

நாகல் நகரில் எங்கள் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒல்லியான ஆள், கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு பென் டிரைவும் தொங்கும். எதையும் தன் லேப்டாப்பில் ஏற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கை வைக்கமாட்டார்.

எங்கள் சாப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்து, ஊர் ஊராகப் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அதை அடைக்கும் பேட்ச் வர இரண்டு வாரமாகும் என்றது அந்த சாப்ட்வேர் கம்பெனி.

"அம்புட்டு நாள் தாங்காதுண்ணே. வெளியாளுக எழுதுன பேட்ச் ஒண்ணு இருக்கு. வரிவரியாப் படிச்சு, ரெண்டு நாள் ஓட்டியும் பாத்துட்டேன், போடவா?" என்றார்.

போடச் சொன்னேன். கூட்டாளியான என் தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை; அவன் கோபக்காரன்.

மறுநாள் காலை பிரிண்டர் ஓடவில்லை. பார்க்க வந்தவர், முந்தின நாள் வெளியாள் பேட்ச் போட்டதைச் சொன்னார். "கம்பெனி தராததை யாரைக் கேட்டு ஏத்துன?" என்று தம்பி இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தான். கீபோர்டெல்லாம் ரத்தம். விழுந்தவரை வயிற்றில் மிதித்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பிடித்து இழுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. பிரிண்டர் ஒயர் கழன்று கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

கம்பெனி பேட்ச் வந்த அன்று, நெற்றியில் சிவந்த வடுவோடு அவரே வந்தார். தான் போட்டதை எடுத்துவிட்டு அவர்களுடையதை ஏற்றினார்.

"நான்தான் போடச் சொன்னேன்னு அன்னைக்கே நீங்க அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேண்ணே."

தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான். கதவும் திறந்தே இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.