அட்டை ஏறாத காலுறை

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஐவி தைத்து விற்றது ஒரே ஒரு சாமான்தான்: இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாத, முழங்கால்வரை வரும் துணிக் காலுறை. ஆறு வருடம் கொழுந்து பறித்துக் கடிபட்டவள். நாடா எந்த இடத்தில் இறுக வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். தன் காலிலேயே மாட்டிப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டாள். மலையேறுகிறவர்கள் கொழும்பிலிருந்துகூடக் கேட்டு வாங்கினார்கள்.

பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள், ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த பிரேமினி.

"அட்டைக்குப் பயந்தவங்க எத்தன பேருடி இருப்பாங்க? கவுன், செருப்பு, போன் கவர்னு எல்லாத்தையும் போடு. எல்லாரும் வாங்குற சாமான வித்தாத்தான் பொழைக்கலாம்" என்றாள்.

ஐவி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், கூடப் பிறக்காத குறைதானே! கவுனும் கவரும் ஆயிரம் பக்கங்களில் கிடைத்தன. இவளிடம் வாங்க யாருக்கும் காரணமில்லை. காலுறை தேடி வந்தவர்களும் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் மாதம் வேறொரு பக்கம் கண்ணில் பட்டது. அதில் காலுறை மட்டுமே இருந்தது. தொடர்புக்கு பிரேமினியின் நம்பர். முகப்புப் படத்தில், தேயிலைச் செடியின் வாதுக் கிளை கிழித்த தழும்போடு ஒரு முழங்கால்.

ஐவி படத்துக்குக் கீழே எழுதினாள்: "இந்தக் காலு என்னோடது, பிரேமினி."

ஐந்து நிமிடத்தில் அந்த வரி அழிக்கப்பட்டது. கால் இன்னும் அங்கேயே இருக்கிறது.