வந்த நோக்கம்

அவளுக்குக் கால் தரையில் பாவாது. கலைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. எல்லோரும் கூப்பிடுவது 'பம்பரம்' என்றுதான். படங்களைத் தூசி தட்டுவது, மாடி வாசிப்பறையில் கவிதை இதழ்களை அடுக்குவது, சனிக்கிழமைக் கதைக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது எல்லாம் அவள்தான். வாசலில் கிடக்கும் வருகைப் பதிவேடும் அவள் பொறுப்பு.

அதில்தான் வினை வந்தது. நகராட்சி அதிகாரி அதைப் புரட்டினார். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: சும்மா.

"என்னம்மா இது? சும்மா வர்றவங்களுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்? பழைய ஃபைல் வைக்க எங்களுக்கு இடமில்ல. வெள்ளிக்கிழமை வரேன். ஒழுங்கா எழுதி வைங்க. இல்லன்னா சாவியைக் கொடுத்துட வேண்டியதுதான்."

இரவு வீட்டில் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கணவர் சிரித்தார்.

"லீவு நாள்லயும் அங்கதான் போய் நிக்கிற. நீ எதுக்குப் போறேன்னு முதல்ல எழுதேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வருகிறவர்களையே கேட்டுப் பார்த்தாள். ஒரு நர்ஸ் யோசித்துச் சொன்னாள்: "வார்டுலேர்ந்து நேரா வீட்டுக்குப் போனா பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேங்க்கா. நடுவுல இங்க கொஞ்சம்..." அதற்குமேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அது கட்டத்துக்குள் அடங்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை பம்பரம் வெள்ளை மை வாங்கி வந்தாள். சும்மாக்களைப் பூசி மறைத்து, மேலே 'கல்வி', 'ஆராய்ச்சி' என்று மாற்றி மாற்றி எழுதினாள்.

மதியம் எதிர்க் கடை இஸ்திரிக்காரர் வந்தார். தினம் அரைமணி நேரம் பெரிய நீலப் படத்தின் முன்னால் உட்காருவார். நீலம் முழுக்க வெறுமை. குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. "எந்தச் சூட்டுக்கும் போகாத மடிப்பு" என்பார். இன்று கையெழுத்துப் போடக் குனிந்தவர் தன் நேற்றைய வரியைப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா ஆராய்ச்சி பண்ணது? நானா?"

"ஒரு பேச்சுக்குத்தாண்ணே. ஆபீசர் கேக்கறாரு."

"நாளைக்கு என்ன கண்டுபிடிச்சேன்னு கேப்பாரு. எனக்கெதுக்கும்மா வம்பு."

பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். காலியாகக் கிடந்த அவருடைய ஸ்டூலை அவள் நான்கு முறை இடம் மாற்றி வைத்தாள். பிறகு பதிவேட்டை மடியில் போட்டு, வெள்ளை மையை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கேட்டார்: "பேப்பர் கிழிஞ்சிருக்கே?"

"திருத்தினேன் சார். திருத்தினது தப்பாப் போச்சு. பழையபடி ஆக்கிட்டேன்."

"மறுபடியும் சும்மாவா?"

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"கடைக்குப் போனா என்ன வேணும்னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரியில என்ன கோளாறுன்னு கேக்கறாங்க. உங்க ஆபீசுல எதுக்கு வந்தேன்னு வாசல்லயே கேக்கறாங்க. இந்த ஊர்ல சும்மா போய் உக்கார இன்னொரு இடம் காட்டுங்க சார், நானே சாவியைத் தரேன்."

அவர் "மேலே காட்டணும்" என்று பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். சாவியைக் கேட்கவில்லை, கேட்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவைத் தாண்டி இஸ்திரிக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, நோட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு எதுவும் எழுத வேண்டாம். வாங்க."

"ஆராய்ச்சி?"

"சுரண்டியாச்சு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளும் ஒரு நாற்காலி இழுத்து நீலத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கண் அடிக்கடி வாசலுக்கே போனது.

"காலை ஆட்டாதம்மா" என்றார் அவர். "மடிப்பு ஆடுது."