பயத்தில் வந்த சர்க்கரை

தனக்குச் சர்க்கரை வியாதி எந்த நிமிஷம் வந்தது என்று ஒப்துலியா துல்லியமாகச் சொல்லுவாள். பிப்ரவரியில் முகமூடித் திருவிழாவின் கடைசிச் செவ்வாய், காலை ஏழு மணி, அவள் வீட்டு அடுப்படி. பீன்ஸைக் கிளறிவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் கொம்பும் தொங்கும் நாக்குமாக ஒரு சாத்தான். கரண்டி ஒரு பக்கம் விழுந்தது, ஒப்துலியா ஒரு பக்கம் விழுந்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எர்மிலா. அறுபத்திரண்டு வயதில் செய்கிற வேலையா இது?

எர்மிலா வெறும் பக்கத்துத் தெருக்காரி இல்லை. ஒப்துலியாவின் மகன் உபால்தோவுக்கு ஞானத்தாயாக நின்றவள். அந்த ஞானஸ்நான நாளிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். எப்போதும் 'நீங்க'தான். சான் மத்தியாஸ் ஊரில் அது கூடப்பிறந்தவளுக்கும் ஒரு படி மேலான உறவு. கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு கூடாது.

ஐந்து வாரம் கழித்து, ஓயாத தாகம் என்று ஒப்துலியா ஊர் மருத்துவமனைக்குப் போனாள். மெக்சிகோ நகரத்திலிருந்து வந்திருந்த இளம் பெண் டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "முன்னூத்திப் பன்னெண்டும்மா. சர்க்கரை வியாதி" என்றாள்.

"அதானே! சாத்தானைப் பாத்தேனே" என்றாள் ஒப்துலியா.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் புரியும். பெரிய பயம் ரத்தத்தைக் கலக்கும், கலங்கிய ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கசாப்புக்காரருக்குக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்த அன்று வந்தது.

"பயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு. எரிமலை குமுறின வருஷம் பயந்துட்டார், பாவம்."

வீட்டுக்கு வந்ததும் சேதி கேட்ட எதிர்வீட்டுக்காரி பதறி ஓடிவந்து, பயம் தெளிய ஒரு பெரிய பன்னைக் கையில் திணித்தாள். அந்த ஊரில் அதிர்ச்சிக்கு அதுதானே கைமருந்து. பாதியைத் தின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

மறுநாள் காலை ஒப்துலியா நேராகச் சந்தை முக்குக்குப் போனாள். அங்கேதான் எர்மிலா வெல்லம் போட்ட சோளக் கஞ்சி விற்கிறாள். தினமும் ஏழரை மணிக்கு ஒப்துலியா அங்கே உட்கார்ந்து இரண்டு குவளை கஞ்சி குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் தையல் மெஷினுக்குத் திரும்புவாள். அந்த முப்பது வருஷக் கஞ்சியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அன்று அவள் உட்காரவில்லை. பத்துப் பேர் பார்க்க நின்றாள்.

"கொமாத்ரே, நீங்க குடுத்த பரிசு என் ரத்தத்துல ஓடுது. முன்னூத்திப் பன்னெண்டு!"

எர்மிலா முகத்தில் ஈயாடவில்லை. "சிரிப்புக்குத்தானே கொமாத்ரே செஞ்சேன்…"

"உங்களுக்குச் சிரிப்பு, எனக்கு மாத்திரை. இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க."

மரியாதையில் ஒரு 'ங்க' குறையவில்லை. ஆனால் அதோடு பேச்சு நின்றது.

ஒப்துலியா சொன்னதைக் கேட்கிற நோயாளிதான். மாத்திரையை மறக்கவில்லை. பத்து சோள ரொட்டியை நாலாக்கினாள், சப்பாத்திக்கள்ளிப் பொரியலுக்கு நாக்கைப் பழக்கினாள், தினமும் கோயில் சதுக்கத்தை ஆறு சுற்று சுற்றினாள். ஒரு மாதத்தில் சர்க்கரையோடு ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டாள். ஒத்துவராதது காலை ஏழரை மணிதான். பள்ளிச் சீருடை தைக்கும்போது, போன வருஷத்தைவிட வாத்தியார் பிள்ளை இடுப்பு எத்தனை விரல் பெருத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. வீம்பு விடவில்லை.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, உபால்தோ வந்து சொன்னான்: "அம்மா, ஞானம்மா மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டாங்க. உனக்குக் குணமாகணும்னு ஞாயித்துக்கிழமை அடிவாரத்துலேருந்து மலைக்கோயில் வரைக்கும் முட்டியாலயே ஏறப்போறாங்களாம்."

"ஏறட்டும். வினை விதைச்சவங்கதானே அறுக்கணும்."

"அவங்க முட்டி ஏற்கெனவே தேஞ்சு போச்சும்மா. படியிறங்கவே சுவத்தைப் புடிக்கிறாங்க."

ஒப்துலியா மெஷினை வேகமாக மிதித்தாள்.

பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அடுத்த முறை கொண்டுவரும்படி டாக்டர் கேட்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் ஒப்துலியா மெஷின் இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினாள். போன நவம்பரில் கண் புரைக்கு ஆபரேஷன் செய்தபோது எடுத்த சீட்டு கிடைத்தது. அப்போது அவளுக்கு அந்த எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான். இப்போது எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. சாத்தான் வந்தது பிப்ரவரியில். விரல் விட்டு எண்ணினாள். எத்தனை முறை எண்ணினாலும் நவம்பர் முன்னால்தான் வந்தது. "சர்க்கரை கூட இருக்கு, போய்க் காட்டுங்க" என்று கண் டாக்டர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கண் தெரிந்த சந்தோஷத்தில் காது கேட்காமல் போயிருக்கிறது.

இந்தச் சீட்டு இருப்பது உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பக்கத்திலேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், ஐந்து நிமிஷம், ஒப்துலியா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

ஞாயிறு காலை அவள் அடிவாரத்துக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது எர்மிலா பாதி மலை ஏறியிருந்தாள். முட்டியில் அட்டை கட்டியிருந்தாள். உபால்தோ முன்னால் கம்பளியை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தான்.

"கொமாத்ரே! எந்திரிங்க!"

"பேசாதீங்க. வேண்டுதல்ல இருக்கேன்."

"இதைப் படிங்க முதல்ல."

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்களே படிங்க."

ஒப்துலியா படித்தாள். தேதியை இரண்டு தடவை படித்தாள். "நீங்க சாத்தானா வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே எனக்குச் சர்க்கரை வந்துருச்சு. உங்க மேல தப்பே இல்ல, கொமாத்ரே. சந்தையில வச்சு உங்களை அவமானப்படுத்தினேன். தப்பு என் மேலதான்."

எர்மிலா சீட்டைப் பார்த்தாள், மேலே கோயிலைப் பார்த்தாள், தன் முட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசம் கொமாத்ரே. நான் காய்ச்சின கஞ்சி எனக்கே தொண்டையில இறங்கல. உங்களைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் எர்மிலா, "கை குடுங்க" என்று எழுந்து, அட்டைகளை அவிழ்த்தாள்.

"வேண்டுதலைப் பாதியில விட்டா மாதா கோவிச்சுக்குவா. உக்காருங்க."

"எதுக்கு?"

"மிச்சத்தை நீங்க ஏறுங்க."

"டாக்டர் நடக்கத்தானே சொன்னா, முட்டி போடச் சொல்லலையே!"

"உங்க டாக்டர் என்ன மாதாவா?"

உபால்தோ சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். ஒப்துலியா முட்டி போட்டாள். எர்மிலா கம்பளியை அவனிடமிருந்து பிடுங்கித் தானே முன்னால் விரித்தாள். "இடது பக்கம் கல்லு, பாத்து… மூச்சு விடுங்க… மாத்திரை போட்டீங்களா?" என்று வழியெல்லாம் தொணதொணப்பு. இரண்டு மாதப் பேச்சு பாக்கி இருந்ததல்லவா.

மாதாவின் முன்னால் வந்தபோது ஒப்துலியாவின் முட்டியில் உயிர் இல்லை. சர்க்கரையை எடுத்துவிடு என்று கேட்கத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"தாயே, சர்க்கரை இருந்துட்டுப் போகட்டும், அதை நான் பாத்துக்கறேன். வீம்புல இவங்களை மட்டும் நான் இழந்துடாம நீ பாத்துக்க."

பின்னால் நின்ற எர்மிலா குனிந்து, "சத்தமா சொல்லுங்க கொமாத்ரே. மாதாவுக்கு வயசாச்சு" என்றாள்.

கோயிலில் அன்று சந்தையை விடக் கூட்டம். ஒப்துலியா மூச்சை இழுத்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள்.