கணினி வாசித்துவிட்ட கடிதம்

போன செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த என்னை, என் கணினியே காட்டிக்கொடுத்தது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது கண் முன்பே மங்கல்; இப்போது வலது கண்ணின் நடுவிலும் ஒரு புகை. ஒரு வரியில் இரண்டு ஓரங்களும் தெரிகின்றன. நடுவில் மூன்று சொற்கள் தெரிவதில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

விளைவு? பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் பத்தியில், முந்திய வாரம் ஏழு பிழைகள் என்று பாலமுனை வாசகர் ஒருவர் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தார். மகளை வாசிக்கச் சொல்லி நானும் எண்ணினேன். எட்டு!

தான் எழுதியதைத் தானே திருத்த முடியாதவனுக்குப் பத்தி எதற்கு? ஆசிரியருக்கு விடைபெறும் கடிதம் ஒன்று எழுதினேன். ஒன்பது வரிகள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதை கொப்பி பண்ணியும் விட்டேன். மின்னஞ்சலில் ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி...

அந்த நேரம் பார்த்து மகள் ரிஸானா உள்ளே வந்தாள். கொழும்பு கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். இரண்டு வாரமாக எனக்காக ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"வாப்பா, எதத் திறந்து வெச்சிருந்தாலும் சரி, வேணுமான எழுத்த மவுஸால இழுங்க. பொறகு இந்த ரெண்டு கீயையும் அமத்துங்க. அது வாசிச்சுக் காட்டும்."

"எதுல இருந்தாலும் வாசிக்குமா?"

"ஓம் வாப்பா. சும்மா செஞ்சு பாருங்களன்."

செய்து பார்த்தேன். நான் தட்டச்சு செய்த பக்கம் — வாசித்தது. மின்னஞ்சல் — வாசித்தது. இணையச் செய்தி — அதையும் வாசித்தது. தெளிவான பெண் குரல். மூன்றுக்கு மூன்று!

நான்காவதாக, பத்திரிகையிலிருந்து அனுப்பியிருந்த என் பத்தியின் அச்சுப் பக்கத்தைத் திறந்தேன். இழுத்தேன், அமத்தினேன். மனைவி பிளேன்டீயோடு வந்து நின்றார்.

"அன்புள்ள ஆசிரியருக்கு, இந்தப் பத்தியை இனி என்னால் எழுத இயலாது..." என்று தொடங்கியது குரல்.

"இதென்ன, போன கிழமை இப்பிடியா எழுதின நீங்க?" என்றார் மனைவி.

எதை அமத்தினால் நிற்கும்? நிறுத்துவதற்கு மகள் ஒரு கீயும் வைக்கவில்லை. ஒன்பது வரிகளையும் அது நிதானமாக வாசித்து முடித்தது.

"ஊரு முழுக்க எல்லாத்தையும் எழுதிச் சொல்ற மனிசன்... வீட்டுல இரிக்கிறவளுக்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல்ல! கண்ணு இவ்வளவு மோசமெண்டு எனக்கிட்ட சொன்னா என்ன?"

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழை எனக்கிட்ட வாப்பா," என்றாள்.

விளக்கினாள். அந்த மென்பொருள் மற்ற மென்பொருளுக்குள் நேரே கை விடுவதில்லை. நமக்குப் பதிலாக கொப்பி கீயை அமத்தும். கொப்பி ஆனது போய்க் கிடக்கும் இடத்திலிருந்து எடுத்து வாசிக்கும். முன்பு அங்கே இருந்ததை மறக்காமல் திருப்பியும் வைத்துவிடும். மூன்று முறையும் என் கடிதத்தைப் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறது — அவ்வளவு மரியாதை! நான்காவது பக்கம் வெறும் படம். எடுக்க எழுத்தே இல்லை. புதிதாக ஒன்றும் வரவில்லை; அங்கே கிடந்த பழையதை வாசித்துவிட்டது.

மனிதர் மட்டும் என்ன? எதிரில் இருப்பவர் ஒன்றும் சொல்லாதபோது, நம்மிடம் கிடப்பதை எடுத்து, அவர் சொன்னதாக வாசித்துக்கொள்கிறோம். யோசித்துப் பார்த்தேன்... ஆசிரியர் இன்றுவரை என்னைப் போகச் சொல்லவில்லை. பாலமுனைக்காரரும் நிறுத்தச் சொல்லவில்லை, திருத்தச் சொன்னார். தீர்ப்பு எழுதியவன் நான்தான்.

மகள் நாற்பது நிமிடங்களில் சரிசெய்தாள். இப்போது அது பழையதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த இடத்தைக் காலிசெய்கிறது. ஒன்றும் வராவிட்டால், "எழுத்து இல்லை" என்று ஒப்புக்கொள்கிறது. நிறுத்தவும் ஒரு கீ வைத்திருக்கிறாள்.

"ஒங்கட கடிதம் இன்னமும் அங்கதான் கிடக்கு வாப்பா. வெச்சிருக்கட்டா?"

நான் வாய் திறக்கும் முன் மனைவி சொன்னார்: "அழிச்சிரு மகள்."

இந்தப் பத்தியை மூன்று முறை காதால் கேட்டேன். ஐந்து பிழைகள் அகப்பட்டன; ஐந்தையும் திருத்திவிட்டேன்.

பாலமுனை அன்பரே... இப்போது எண்ணுங்கள் பார்ப்போம்!