குடிக்காத தண்ணீர்

விக்டோரியா அக்கா புதுவாயலில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகளைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். அவருக்குப் பேச்சுத்துணை என்றால் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எங்கள் மேஜைதான். பிளாஸ்டிக் மூடிகளில் பிசிறு சீவும் வேலை. பன்னிரண்டாவது முடித்ததும் நானும் அங்கேதான் சேர்ந்தேன்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி பாத்ரூம் போனால், பக்கத்தில் இருப்பவள் அவளுடைய ட்ரேயிலும் கொஞ்சம் மூடி சீவிப் போடுவாள்.

"ஜல்தி வாமே, எனக்கு ரெண்டு கைதான் கீது!" என்று அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரும் குப்பம்மாள் கத்துவாள். அக்கா சிரித்துக்கொண்டே ஓடுவார்.

ஜூன் மாதம் சூப்பர்வைசர் தேசப்பன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு நாப்பது ட்ரே முடிச்சா மாசம் ஆயிரத்தைநூறு எக்ஸ்ட்ரா. உனக்கு மட்டும்தான். வெளிய சொன்னா அதுவும் கெடையாது."

அன்றிலிருந்து அக்கா தலை நிமிரவில்லை. குப்பம்மாள் எழுந்து போனால் அவளுடைய ட்ரேயைத் தொடுவதில்லை. தொட்டால் தன் கணக்குக் குறையும். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. குப்பம்மாளும் இவர் ட்ரேயைத் தொடவில்லை. கோபம்போல என்று அக்கா நினைத்தார். மீன் குழம்பை யாருக்கும் நீட்டாமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். பாத்ரூம் போகாமலிருக்கத் தண்ணீரை நிறுத்தினார். காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே பஸ் ஏறும்.

எங்கள் மேஜையில் வேலை மளமளவென்று நடந்தது.

ஆகஸ்டில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக அக்கா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் மெல்லச் சொன்னார்: "என்னத் தப்பா நெனைக்காத குப்பு. எனக்கு மட்டும் எக்ஸ்ட்ரா தரேன்னாரு. அதான்."

குப்பம்மாள் பிளேடைக் கீழே வைத்தாள். "இன்னாது, உனக்கு மட்டுமா? என்னாண்டயும் அதத்தான சொன்னான்!"

மேஜையில் ஐந்து பேர். ஐந்து பேரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். நானும் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

"அடப்பாவி, அஞ்சு பேருக்கும் தனித்தனியா தாலி கட்டிக்கீறான்பா!" என்றாள் குப்பம்மாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா பாட்டிலைத் திறந்து, பாதித் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, பாத்ரூம் போனார்.

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் குனிந்தோம். குப்பம்மாளின் கை அக்காவின் ட்ரே வரைக்கும் போய்த் திரும்பியது. நானும் போடவில்லை; என் நாற்பது ட்ரே இன்னும் முடியவில்லை.

அக்கா வந்து உட்கார்ந்து தன் ட்ரேயைப் பார்த்தார். விட்டுப்போனபடியே இருந்தது. மீதித் தண்ணீரோடு பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.