சிலிபின் பாட்டு விழாவும் என் வீட்டுக்காரர் குரலும்

என் அண்ணன் பத்துமலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் நடத்திய பாட்டு விழாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் என் வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த விழாவுக்குக் கூட்டம் சேர்த்தவரும் அவர்தான், கூட்டத்தைக் கலைத்தவரும் அவர்தான். கட்டிய புருஷனைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பத்து வருஷம் இரண்டு பேருக்கும் சோறு போட்டவள் நான். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அண்ணன் மீசை முளைப்பதற்கு முன்பே பால் வெட்டப் போனவர். அறுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அண்ணனுக்குச் சுண்ணாம்புக் கல் உடைக்கும் இடத்தில் லோரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. காலையில் போனால் சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு, பாடிக்கொண்டே திரும்புவார். குரல் சுமார்தான். பொய் சொல்ல மாட்டேன், கேட்கிறவர்கள் பாவம். ஆனால் பாடத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு பஸ் கண்டக்டர் முணுமுணுத்த பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்று இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் எழுபத்து நாலில் ஒரு பாட்டு விழா தொடங்கினார். அதற்கு ஒரே ஒரு விதி. வெளிநாட்டிலிருந்து பாடகர் வரக் கூடாது. தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், பஸ் ஓட்டுகிறவன், கமுந்திங் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண், இவர்கள்தான் மேடை ஏற வேண்டும். பாடுவது சினிமாப் பாட்டாகவே இருக்கட்டும், தொண்டை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பார். செப்டம்பரில் சம்பளம் போட்ட முதல் சனிக்கிழமை, வெயில் தாழ நாலு மணிக்கு, சிலிபின் திடலில் விழா. தோட்டத்து ஜனங்கள் லோரி பிடித்து வருவார்கள். அவர்கள் தோட்டத்துப் பெண் பாடும்போது விசில் பறக்கும். சாப்பாட்டுக் கடை லியாகத் அலி பெரிய அண்டாவில் தேத்தண்ணி கொண்டுவந்து வந்தவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்றுவார்.

அந்த மேடையில் அறிவிப்பாளராக நின்றவர்தான் ராஜு. பகலில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் இரும்புக் கடையில் ஆணியும் வாளியும் எடுத்துக் கொடுக்கிறவர். மைக்கைப் பிடித்தால் வேறு ஆள். "ஈப்போ வாழ் தமிழ் நெஞ்சங்களே" என்று அவர் இழுத்துச் சொன்னால் அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். நானும் அந்தக் குரலுக்கு மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன். இரண்டாம் விழா முடிந்த கையோடு கல்யாணம். அண்ணனுக்கு அதில் என்னைவிடச் சந்தோஷம், நல்ல அறிவிப்பாளர் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டார் என்று.

விழா வளர்ந்தது. வளர்ந்ததைப் பார்த்து ஊருக்கே கை ஊறியது. எண்பதாம் வருஷம் பார்த்தால் கோயில் கமிட்டி ஒரு கலை இரவு, ஜவுளிக் கடைக்காரர் ஒரு மெல்லிசை இரவு, நடிகர் ரசிகர் மன்றம் ஒன்று, இளைஞர் சங்கம் ஒன்று, வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற மாயாண்டி ஒன்று, எங்களுடையதையும் சேர்த்து ஆறு. எல்லோருக்கும் சம்பளம் போட்ட அதே சனிக்கிழமைதான் வேண்டும். ஜனங்கள் கையில் அன்றைக்குத்தானே நாலு காசு இருக்கும்! அது கிடைக்காதவர்கள் அடுத்தடுத்த சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடியே ஆறு பட்டால் யாருக்குக் கொண்டாட்டம்?

இப்போது பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது, அதனால்தான் விழாக்கள் நிலைப்பதில்லை என்று பேசுகிறார்கள். எரிச்சலாக வரும் எனக்கு. ரசனை எங்கும் போகவில்லை. ஆறு விழாவிலும் பாடியவர்கள் அதே பாடகர்கள், தபேலா வாசித்தவர் அதே ஆள். கமுந்திங்கிலிருந்து வருகிற செல்லாயி ஒரே மாதத்தில் ஒரே பாட்டை மூன்று மேடையில் பாடினாள். போன வாரம்தான் கேட்டோமே என்று ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இதில் யார் குற்றம்? நன்கொடைக்கு எல்லோரும் போய் நின்ற வாசலும் ஒன்றேதான். லியாகத் அலி ஒருநாள் அண்ணனிடம் மனம் விட்டுச் சொன்னார்.

"எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துனா நான் கடையை மூடணும் லா, அண்ணே. உங்களுக்கு மட்டும் ஊத்துனா மத்தவன் எவனும் என் கடையில பசியாற வர மாட்டான்."

அண்ணன் அதைப் பல நாள் யோசித்தார். பிறகு ஆறு விழாக்காரர்களையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். சண்டை வரும் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் சண்டைக்கே இடம் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மாதத்துச் சம்பளச் சனிக்கிழமை உங்களுடையது, மற்றவர்கள் அன்றைக்குக் கூட்டம் போடக் கூடாது, இப்படி இருந்தால் ஆறு விழாவும் பிழைக்கும், இல்லாவிட்டால் ஆறும் சாகும் என்றார். ஆளுக்கு ஒன்று பேசிவிட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். சன்னிதியில் சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருவராக உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மாயாண்டியும் அணைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். யாரோ ஒருவர் எழுந்து, ராஜு எங்கே பேசுகிறாரோ அங்கேதான் கூட்டம் போகும், அவர் சத்தியம் செய்யாமல் நாம் செய்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். மறுபடியும் ஒரு சூடம் ஏற்றினார்கள்.

"பத்துமலை மச்சான் விழா நடக்கிற சனிக்கிழமை வேற எவன் மேடையிலயும் நான் ஏற மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்."

இதை அவர் மைக்கில் பேசுகிற குரலிலேயே சொன்னார். எனக்குப் புல்லரித்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முதல் வருஷம் ஒப்பந்தம் நன்றாகவே நடந்தது. எண்பத்து மூன்றில் வந்தது பத்தாவது விழா. இந்த ஒரு வருஷத்தை ஒழுங்காக நடத்திவிட்டால் இனி விழாவுக்குச் சாவே கிடையாது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். லோரியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். பெண் பார்த்து வைத்தால், விழா முடியட்டும் தங்கச்சி என்பார். விழா எப்போதுதான் முடிந்தது! அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாம் அதுதான்.

விழாவுக்கு முந்திய வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிச் சத்தம் கேட்டது. "ஈப்போ வாழ் தமிழ் நெஞ்சங்களே" என்று என் வீட்டுக்காரர் குரல். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தாயா தங்கச்சி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே மச்சான் வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார், வாயில்தான் பேசாத மாதிரி இருப்பார், மனசு தங்கம் என்றார். நானும் பெருமையாக வாசலுக்குப் போனேன்.

வண்டி பக்கத்தில் வந்தது. வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு டவுன் மண்டபத்தில் மாயாண்டி வழங்கும் மாபெரும் இன்னிசை இரவு, தமிழகத்திலிருந்து வருகை தரும் பின்னணிப் பாடகர், காணத் தவறாதீர்கள், கண்டிப்பாக வாருங்கள் என்று அந்தக் குரல் கெஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டது. வண்டிக்குள் என் வீட்டுக்காரர் இல்லை. டிரைவர் பக்கத்தில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மலர்ந்த முகம் முழுசாக வாடக்கூட இல்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கடையிலிருந்து இவர் வந்தார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவர் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"நான் சத்தியத்தை மீறல, மச்சான். வேற மேடையில ஏற மாட்டேன்னுதானே சொன்னேன்? இது கேசட்டுலா. சனிக்கிழமை நான் உங்க மேடையிலதான் நிப்பேன்."

எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! சாமியிடமே சொல்லுக்குச் சொல் பார்த்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார். எதற்காக என்று பிறகுதான் விசாரித்தேன். மாயாண்டி வாடகைக்கு விடுகிற ஒவ்வொரு கேசட்டிலும் படம் ஆரம்பிக்கும் முன்னால் இவருடைய குரல் வருமாம். பேராக் முழுக்க வீட்டுக்கு வீடு கேட்குமாம். என் வீட்டுக்காரருக்குக் காசு ஆசை கிடையாது. குரல் ஆசை. அதற்கு என் அண்ணனை விற்றார்.

மாயாண்டியிடமும் ஆள் அனுப்பிக் கேட்டோம். தமிழ்நாட்டுப் பாடகருக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் ஒழிந்தது, ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று பதில் வந்தது. ஆத்தாவிடம் தனியாகப் பேசினாரோ என்னவோ! அண்ணன் மட்டும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சனிக்கிழமை வந்துவிடுவீர்கள் அல்லவா என்று. வருவேன், சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா என்றார் இவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விழாவைத் தள்ளி வையுங்கள் என்று நான் அழுதேன். தோட்டங்களுக்குச் சொல்லியாகிவிட்டது, நம்மை நம்பி வருகிறவர்கள் வருவார்கள் என்றார் அண்ணன்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் திடலில் பாய்கள் விரித்துக் கிடந்தன. உட்கார ஆளில்லை. அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர், பாட வந்தவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், அவ்வளவுதான். லியாகத் அலி வழக்கம்போல அண்டாவோடு வந்தார். தோட்டத்து லோரிகளுக்காக அண்ணன் ரோட்டோரத்திலேயே நின்றார். அவை வந்தன. வந்தவை நிற்காமல் டவுன் பக்கம் போயின. சிலிம் ரிவர் பக்கத்திலிருந்து வந்த ஒரு லோரி மட்டும் நின்றது. எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள்தான். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, தோட்டத்துக்கு வந்த வண்டியில் ராஜு அண்ணன் குரல் டவுனுக்குத்தானே கூப்பிட்டது, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாள். அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. லோரி கிளம்பிப் போய்விட்டது.

மேடையில் என் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் நின்றார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வெறும் பாய்களைப் பார்த்துத் தமிழ் நெஞ்சங்களே என்றார். செல்லாயி பாடினாள். மாயாண்டி கூப்பிட்டும் போகாதவள் அவள். கமுந்திங்கிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து, அந்தப் பாய்களுக்கு முன்னால் ஒரு வரி விடாமல் பாடினாள். நாங்கள் கைதட்டியது எங்களுக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஏழு பேர் பாட வேண்டிய இடத்தில் நாலு பேரோடு முடிந்தது. மற்றவர்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள், தமிழ்நாட்டுப் பாடகருக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடலாமே என்று. லியாகத் அலி அண்டாவை நிறைந்தபடியே தூக்கி வண்டியில் வைத்தார். அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

விழா முடியும்போது அடுத்த வருஷத்துத் தேதியை மைக்கில் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அதைக் கேட்டுக்கொண்டுதான் ஜனங்கள் எழுந்து போவார்கள். அன்றைக்கும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினோராவது ஆண்டு விழா, என்று இழுத்து ஆரம்பித்தார். அண்ணன் மேடைக்குக் கீழே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. திடல் காலியாக இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தேதி சொல்லாதீங்க, மச்சான். நீங்க சொன்னா சனம் நம்பிடும்."

என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். செல்லாயி பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். நானும் எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.