மரத்தைச் சுற்றியவர்கள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில், கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே, பொலிஸ் ஹெலிகொப்டர் வட்டமடித்தது. அக்கா மரக்கறிப் பைகளைப் போட்டுவிட்டு என்னை ஒரு மேப்பிள் மரத்தோடு அழுத்தினார். ஹெலி சுற்றச் சுற்ற, என்னையும் மரத்தைச் சுற்ற வைத்தார். யாழ்ப்பாணத்தில், ஹெலியின் கதவில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கிக்குத் தப்ப, சிறுவயதில் பனையை அப்படித்தான் சுற்றினோம்.

சனம் பார்த்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, உது பொலிஸ். கதவு பூட்டியிருக்கு, துவக்கும் இல்லை. விடுங்கோ!”

“வாயை மூடிக்கொண்டு சுத்தடா.”

“மூச்சு முட்டுது. ஏன் இப்படி நசிக்கிறியள்?”

“ரெண்டு பேரை மறைக்க மரம் காணாது.”

அப்போதுதான் கவனித்தேன். மரத்துக்கும் அவருக்கும் நடுவில் நான். அவருடைய முதுகு வெளியே. அன்றும் அப்படித்தான் நின்றிருப்பார்.

அந்தப் பனைதான் என்னைக் காப்பாற்றியது என்று இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.